ஹாலிக் என்று எழுதிய தட்டு

அன்று பூங்காவில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாதவர்கள்தான் அதைப் பற்றி அதிகம் பேசிக்கொண்டு திரிகிறார்கள். ஹெல்துர் ஹாலிக் ஆகிய நான். என் அக்கா ஐமே ஹாலிக். என் மகள் மெரிகே. அவள் கணவன் இந்த்ரெக் வாஹர். செடி வளர்க்கும் கண்ணாடிக் குடிலின் உரிமையாளர் லெய்டா ஓரவ். அவருடைய நாய் முரி. இவ்வளவுதான். கடைக்காரப் பெண்மணி அங்கே இல்லை. தார்த்து நகரப் பேருந்தின் ஓட்டுநர் இல்லை. பாதிரியார் இல்லவே இல்லை. ஆனால் மூவரும் நேரில் பார்த்ததுபோல மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

ஞாயிறு காலையில் பழைய மாளிகைப் பூங்காவில் டிஸ்க் கோல்ஃப் ஆடுவது எங்கள் குடும்ப வழக்கம். மேடையில் நின்று தட்டை எறிய வேண்டும். அது போய்ச் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் விழ வேண்டும். குறைந்த எறிகளில் முடித்தவர் வென்றவர். எங்கள் பூங்காவில் வைத்தவை ஒன்பதே கூடைகள். ஊராட்சிக்காரர்கள் ஒரு கோடையில் நாடா வெட்டித் திறந்தார்கள், பித்தளை வாத்தியம் வாசிக்க வைத்தார்கள், கேக் கொடுத்தார்கள். அதன் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நான் எழுதிய கடிதங்களுக்கு நன்றி தெரிவித்துப் பதில் வரும். புல் வெட்ட ஆள் வராது.

தட்டின் அடியில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவைப்பது இந்த ஆட்டத்தின் மரியாதை. காட்டில் தொலைந்த தட்டைக் கண்டெடுப்பவர் அழைத்துச் சொல்வார். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு தட்டு என்பதெல்லாம் கிடையாது. எல்லாம் ஒரே பையில். எல்லாவற்றின் அடியிலும் என் கையால் பெரிய எழுத்தில் ஹாலிக் என்று எழுதி என் எண்ணைப் போட்டிருக்கிறேன். குடும்பத்துக்கு ஒரு பெயர், பெயருக்கு ஓர் எண்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, கறுப்பு ரொட்டி வாங்கக் கடைக்குப் போனேன். ரொட்டி அடுக்கின் மேல் ஓர் ஆரஞ்சு நிறத் தட்டு. குப்புற வைத்திருந்தார்கள், எழுத்து தெரியும்படி. பக்கத்தில் ஓர் அட்டை: "என் கண்ணாடிக் குடிலுக்குள் கிடைத்தது. கண்ணாடியோடு. உரியவர் வரலாம். லெய்டா ஓரவ்."

கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "லெய்டா அம்மா குடில் வரைக்கும் கோணலா எறியுற கை எங்க வீட்டுல இல்ல. உடைச்சிட்டு சொல்லாம போற புத்தியும் எங்க வீட்டுல இல்ல. ஒரு ஹாலிக்கும் இதைச் செய்யல." ரொட்டியை வாங்காமலே வந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் கண்ணாடி உடைவது பெரிய காரியம் இல்லை. உடைத்தவர் வாசலில் வந்து நின்று, தொப்பியைக் கழற்றி, நான்தான் என்று சொல்லிவிட்டால் காபி கொடுத்து அனுப்புவார்கள். சொல்லாமல் போனவனுக்குத்தான் பெயர் கெடும். அவன் பேரனுக்குப் பெண் பார்க்கும்போதும் அதைச் சொல்வார்கள். என் தகப்பனார் பெயரை அப்படி ஒரு ரொட்டி அடுக்கின்மேல் கவிழ்த்து வைத்தால் நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

லெய்டா அம்மாளின் வீட்டுக்குப் போய், சனிக்கிழமை எல்லாரும் வருகிறோம், போன ஞாயிறு ஆடியதுபோலவே ஆடிக் காட்டுகிறோம், உங்கள் வேலிப் பக்கம் இருக்கும் ஏழாவது மேடையிலிருந்து உங்கள் குடிலுக்குத் தட்டு போகுமா என்று நீங்களே பாருங்கள் என்றேன். அவர் பள்ளிக்கூடத்தில் சமையல் பார்த்தவர். பள்ளி மூடியபோது அதன் பழைய ஜன்னல்களை வாங்கித்தான் அந்தக் குடிலைக் கட்டினார். உள்ளே தக்காளி.

"ஃபோன் பண்ணியிருக்கலாமே லெய்டா அம்மா? நம்பர் எழுதியிருக்குல்ல?"

"பண்ணினேன் ஹாலிக் ஐயா. மூணு தடவை. தெரியாத நம்பர எடுக்கமாட்டேன்னு நீங்கதானே ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கிட்டிருக்கீங்க?"

அது வேறு விஷயம்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். பை எப்போதும்போல இந்த்ரெக்கின் தோளில். அவன் அதிகம் பேசாதவன். தச்சு வேலை செய்கிறான். நல்ல பையன்தான், ஆனால் எறிவது சரியாக வராது. கல்யாணமான முதல் கோடையிலிருந்து பார்க்கிறேன், பூங்கா நடுவே ஓடும் ஓடைக்கு அந்தப் பக்கம் அவன் தட்டு போனதில்லை. நான் சொல்லிக்கொடுத்தும் பயனில்லை. அவன் ஹாலிக் இல்லையே, வாஹர்தானே என்று விட்டுவிட்டேன்.

முதல் மேடையின்மேல் யாரோ காரை நிறுத்திவிட்டுக் காளான் பறிக்கப் போயிருந்தார்கள். காருக்குப் பக்கவாட்டில் நின்று எறிந்தோம். இரண்டாவதில் வழிகாட்டிப் பலகை வெயிலில் வெளுத்து முழு வெள்ளையாக நின்றது.

"கூடை அந்த லிண்டன் மரத்துக்குப் பின்னாடி," என்றாள் அக்கா.

"அது மூணாவது கூடை."

"மூணாவதா? வாராவாரம் நான் மூணாவதுலயா ரெண்டாவத முடிச்சிட்டிருக்கேன்?"

"ஆமா. நானும் வாராவாரம் சொல்லிட்டிருக்கேன்."

"அப்பா, அத்தை, ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் மெரிகே. "போன ஞாயிறு மாதிரியே ஆடணும்னு சொன்னீங்க. சரிதான், அப்படியேதான் இருக்கு."

மூன்றாவது கூடைக்குள் பீர் டப்பாக்களும் கேஃபிர் மோர்ப் பெட்டிகளும். தட்டு விழ இடமில்லை. காலி செய்துவிட்டுத்தான் ஆட முடிந்தது. அந்தக் குப்பையையும் இந்த்ரெக்தான் சுமந்தான். நான்காவதில் சங்கிலிகள் பெரும்பாலும் காணாமல் போயிருந்தன. எவனோ தன் ஊஞ்சலுக்கு எடுத்துப்போயிருக்கிறான் என்பது என் ஊகம். அக்காவின் தட்டு நேராக உள்ளே போய், தடுக்க ஒன்றுமில்லாததால் நேராக வெளியே வந்து புல்லில் விழுந்தது.

"போட்டுட்டேன்."

"போடல. தங்கினாதான் கணக்கு."

"உள்ள போச்சா இல்லையா?"

"போச்சு. வந்துருச்சு."

"வந்தது ஊராட்சியோட தப்பு. போனது என்னோட திறமை."

ஐந்தாவது கூடையின் முன்னால் மணப்பெண் ஒருத்தி நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தாள். காத்திருந்தோம். ஆறாவதில் காட்டுப்பன்றிகள் மேடையையே கிண்டிப்போட்டிருந்தன. மனிதர்கள் செய்யாத வேலையைப் பன்றிகளாவது செய்கின்றனவே என்று அக்கா சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு ஏழாவது ஒன்றுதான் மனதில் இருந்தது.

ஏழாவது மேடையின் எதிரே கொஞ்சம் தூரத்தில் சாய்ந்துபோன கூடை. அதைச் சுற்றித் தோள் உயரத்துக்கு முட்செடியும் காஞ்சொறியும். இடது பக்கம் வெகுதூரம் தள்ளி லைலாக் புதர் வேலி. வேலிக்குப் பின்னால் லெய்டா அம்மாளின் குடில். ஒரு சட்டத்தில் கண்ணாடிக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் விரிப்பு அடித்திருந்தது. அவர் வேலியின் இடைவெளியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முரியும் நின்றது.

"ஆரம்பிங்க," என்றார்.

அக்கா எறிந்தாள். காஞ்சொறிக்குள். மெரிகே எறிந்தாள். கூடைக்கு வலப்பக்கம். நான் எறிந்தேன், நேராக, வழக்கம்போல. இந்த்ரெக் எறிந்தான். பாதி வழியில் புல்லில் விழுந்தது, அதுவும் வழக்கம்போல.

"பாத்தீங்களா?" என்றேன்.

"நான் பாத்துட்டிருக்கும்போது எல்லாரும் ஒழுங்காத்தான் எறிவாங்க ஐயா. பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான். நான் திரும்பினாதான் கஞ்சி சுவருக்குப் போகும்."

"கோணலைக்கூட விடுங்க. தூரத்தைப் பாருங்க! அவ்வளவு தூரம் யாரு எறிவா?"

"அதை எனக்குக் காட்டுங்க."

குடிலை நோக்கி எறிந்து காட்ட முடியாது. மீதிக் கண்ணாடியும் போய்விடும். நான் நாற்பது வருடம் நில அளவைத் துறையில் இருந்தவன். பழைய அளவு நாடாவைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மேடையிலிருந்து வேலி வழியாக நாடாவை நீட்டினேன். அந்தப் பக்கம் லெய்டா அம்மாள் பிடித்துக்கொண்டார். முரி நாடாவைக் கடித்தது, விலக்கினோம். பிறகு அதே தூரத்தை வலப்பக்கம், வைக்கோல் உருளைகள் கிடக்கும் திறந்த வெளியில் அளந்து, ஒரு குச்சி நட்டேன். தூரத்திலிருந்து தெரிவதற்காக லெய்டா அம்மாள் தன் சிவப்புத் தலைத்துணியை அவிழ்த்துக் கொடுத்தார். குச்சியில் கட்டினேன்.

"அந்தத் துணியைத் தாண்டி எறிஞ்சவங்கதான் குற்றவாளி," என்றேன். "யாரும் சுணங்கி எறியக்கூடாது. முழு பலம். ஹாலிக் குடும்பத்து வாக்கு."

அக்கா எறிந்தாள். பாதிகூடப் போகவில்லை. அவளுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, அதனால் தவறில்லை. மெரிகே எறிந்தாள். இன்னும் கொஞ்சம் தூரம். பிறகு நான். கோட்டைக் கழற்றி மெரிகேயிடம் கொடுத்தேன். ஓடிவந்து எறிந்தேன். தட்டு அழகாகப் போனது. துணிக்கு முன்னால், ஒரு வைக்கோல் உருளைக்கும் முன்னால், விழுந்தது.

லெய்டா அம்மாள் தலையை ஆட்டினார். "சரிதான். தப்பா சொல்லிட்டேன் போல. ஹாலிக் கைக்கு அவ்வளவு எட்டாது."

"எட்டாதுன்னு யாரு சொன்னா?"

"நீங்கதானே இப்போ காட்டினீங்க?"

"காட்டினது குற்றமில்லைன்னுதான். கை எட்டாதுன்னு இல்ல. என் வயசுல, போன வாரம் முழுக்க தோள்வலியோட—"

"அப்பா," என்றாள் மெரிகே, "ஜெயிக்கிறீங்களா தோக்கறீங்களா, ஒண்ணை முடிவு பண்ணுங்க."

அந்த நேரத்தில் எனக்குள் என்ன நடந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. எட்டாது என்றால் குடும்பத்துக்கு மானம் நிற்கும், கைக்கு மானம் போகும். எட்டும் என்றால் நேர்மாறு. என் தகப்பனார் வட்டு எறிதலில் மாவட்டத்தில் பரிசு வாங்கியவர். ஒரு தக்காளிக் குடிலின் முன்னால் நின்று எங்களுக்குக் கை இல்லை என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

"போதும்," என்றேன். "நிரூபிச்சாச்சு. கிளம்பலாம்."

"இன்னும் ஒருத்தர் பாக்கி," என்றார் லெய்டா அம்மாள்.

"இந்த்ரெக்கா? அவனை விடுங்க. அவன் எறிஞ்சா ஓடையையே தாண்டாது. ஐமே அக்கா எறியுறதை விடக் கம்மி. அவன்மேல சந்தேகப்பட்டா ஊரே சிரிக்கும்."

அக்கா சிரித்தாள். மெரிகேகூடச் சிரித்தாள். லெய்டா அம்மாளும் சிரித்தார். இந்த்ரெக் சிரிக்கவில்லை. தோளிலிருந்து பையை இறக்கினான். தேநீர்க் குடுவையைப் புல்லில் நிற்கவைத்தான். குப்பைப் பொட்டலத்தை அதன் பக்கத்தில் வைத்தான். ஒரு தட்டை எடுத்தான். மேடையின் பின்னால் போய் நின்றான்.

"இந்த்ரெக், வேணாம் விடு," என்றாள் மெரிகே. "அப்பா சும்மா சொன்னாரு."

அவன் மூன்று எட்டு வைத்தான். இடுப்பு திரும்பியது, பிறகு கை வந்தது. தட்டு தாழ்வாகக் கிளம்பிற்று, பிறகு யாரோ கீழிருந்து தூக்கிவிட்டதுபோல் மேலே எழுந்தது. சிவப்புத் துணியைத் தாண்டியது. இரண்டு வைக்கோல் உருளைகளைத் தாண்டியது. அதற்கப்பால் பிர்ச் மரங்கள் நிற்கும் வரப்பு இருக்கிறது. அங்கே போய் மெல்ல இறங்கியது. முரி மட்டும் குரைத்துக்கொண்டு அதன் பின்னால் ஓடிற்று.

அவனுக்குக் காதுவரை சிவந்துவிட்டது.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"என்ன மாமா?"

"இந்தக் கை. எவ்வளவு நாளா உன்கிட்ட இருக்கு?"

"எப்பவும் இருக்கு மாமா. தார்த்துல கிளப்ல ஆடிட்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன்னாடி."

"அப்புறம் ஏன்டா பதினோரு வருஷமா ஓடையில போட்டுட்டிருக்க?" என்றாள் அக்கா.

அவன் மெரிகேயைப் பார்த்தான். மெரிகே வானத்தைப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"கல்யாணம் முடிஞ்ச மொத ஞாயிறு நான் ஜெயிச்சேன்," என்றான். "மாமா மதிய சாப்பாட்டுக்கு வரல. அடுத்த புதன்கிழமை வரைக்கும் பேசல. அப்புறம் மெரிகே சொன்னா—"

"அன்னிக்கு எனக்கு வயிறு சரியில்ல," என்றேன்.

"ஆமா மாமா."

"வயிறுதான்."

"சரி மாமா."

லெய்டா அம்மாள் வேலியைத் தாண்டி எங்கள் பக்கம் வந்துவிட்டார். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. சாட்சிக் கூண்டில் உண்மை வந்துவிட்டபோது நீதிபதிக்கு இருக்கும் சலிப்புதான் இருந்தது. "போன ஞாயிறு என்ன தம்பி நடந்துச்சு?"

அவன் சொன்னான். வேகமாக, இடையில் நிறுத்தாமல், இத்தனை வருடத்தில் அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஏழாவதை முடித்துவிட்டோம். எட்டாவது மேடை எங்கே என்று தெரியாமல் நானும் அக்காவும் கத்திக்கொண்டு முன்னால் போய்விட்டோம். மெரிகே எங்களைச் சமாதானப்படுத்தப் பின்னால் ஓடினாள். அவன் பையோடும் குப்பையோடும் தனியாக நின்றான். வெள்ளைப் பலகை, காரின் பக்கத்தில் நின்று எறிவது, குப்பைக் கூடை, ஓடையில் போடுவது, எல்லாமாகச் சேர்ந்து போதும் போதும் என்று ஆகிவிட்டது. பைக்குள் கைவிட்டு ஒரு தட்டை எடுத்தான். கூடையை நோக்கி எறியவில்லை. கூடையே இல்லாத பக்கமாக, ஒரே ஒரு தடவை, தன் கையால் எறிந்தான்.

"லைலாக்குக்கு மேல போச்சு. எங்க விழுந்துச்சுன்னு தெரியல. சத்தமும் கேக்கல. அன்னிக்குன்னு பாத்து கால்பந்து மைதானத்துல புல்வெட்டுற மெஷின் வந்திருந்துச்சு."

அது உண்மை. அந்தக் கோடையில் ஊராட்சி இயந்திரம் வந்தது ஒரே ஒரு முறை. புல் வளராத மைதானத்தை வெட்டிவிட்டுப் போனது.

"வேலியில தேடினேன். காஞ்சொறியில எங்கயோ கிடக்கும்னு விட்டுட்டேன். செவ்வாய்க்கிழமை கடையில பாத்ததும்தான் தெரிஞ்சுது. அப்பவே உங்க வீட்டுக்கு வரலாம்னுதான் இருந்தேன் லெய்டா அம்மா. வாசல் வரைக்கும் வந்தேன். ஆனா அதுக்குள்ள மாமா கடையில சொல்லிட்டாரு."

"என்ன சொன்னேன்?"

"ஒரு ஹாலிக்கும் இதைச் செய்யலன்னு. நான் வந்து சொல்லிட்டா, நீங்க சொன்னது பொய்யாயிடும். சொல்லாட்டி, நான் ஓடினவனாயிடுவேன். நாலு நாளா தூங்கல மாமா."

மெரிகே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்ப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது.

"நான் சொன்னது பொய்யாகாது," என்றேன். "இவன் வாஹர். ஹாலிக் செய்யலன்னுதான் சொன்னேன். சரியாத்தான் சொல்லியிருக்கேன்."

சொன்னவுடன் அது எப்படி ஒலித்தது என்பது எனக்கே கேட்டது. இந்த்ரெக் குனிந்து தேநீர்க் குடுவையை எடுத்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தான். மெரிகே அவன் கையை விட்டுவிட்டு என்னை நோக்கித் திரும்பினாள்.

"அப்போ பதினோரு வருஷமா யாரோட பையைத் தூக்குறான்பா?"

அக்கா சொன்னாள்: "தம்பி, நம்ம அப்பாவுக்கப்புறம் அப்படி ஒரு எறிய நான் பாத்ததில்ல. அதை வாஹர் கணக்குல எழுதிட்டுப் போகணும்னா போ. எனக்கு மனசு வராது."

லெய்டா அம்மாள் தன் பையிலிருந்து அந்த ஆரஞ்சுத் தட்டை எடுத்தார். கடையிலிருந்து கொண்டுவந்துவிட்டிருந்தார்.

"கண்ணாடிய விடுங்க ஐயா. அந்தப் பள்ளிக்கூட ஜன்னல்ல மிச்சம் இன்னும் விறகுக் கொட்டகைக்குப் பின்னாடி கிடக்கு. யாராவது ஒருத்தர் வந்து நான்தான்னு சொல்லணும், அவ்வளவுதான். இப்ப சொல்லியாச்சு. கடையில கேப்பாங்க, யாருன்னு. யாருன்னு சொல்றது? ஹாலிக்கா, வாஹரா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முரி பிர்ச் மரப் பக்கத்திலிருந்து இந்த்ரெக் எறிந்த தட்டை வாயில் கவ்விக்கொண்டு வந்து, என் காலடியில் போட்டது. விளிம்பில் பல் பதிந்திருந்தது. கவிழ்ந்து கிடந்தது.

"உங்க கையில இருக்கிறதுல என்ன எழுதியிருக்கு லெய்டா அம்மா?"

அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். "ஹாலிக்."

"படிக்கத் தெரியுதுல்ல. அப்புறம் என்ன கேள்வி?"

அதற்குப் பிறகு எட்டாவதும் ஒன்பதாவதும் ஆடவில்லை. எட்டாவதின் மேடை எங்கே என்று இன்றுவரை தெரியாது. ஒன்பதாவதின் கூடை போன வருடமே காணாமல் போய், இப்போது ஒரு குப்பைத் தொட்டியில்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம். நேராகக் குடிலுக்குப் போனோம். இந்த்ரெக் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்று முறைப்படி சொன்னான். நானும் பக்கத்தில் நின்று தொப்பியைக் கழற்றினேன். லெய்டா அம்மாள் காபி போட்டார். இந்த்ரெக் ஜன்னல் சட்டத்தை இழைத்துக் கண்ணாடி பதித்தான். நான் கண்ணாடி ஓரங்களில் மக்கு பூசினேன். பூசியது சரியில்லை என்று அவன் மறுபடி பூசினான். திரும்பும்போது லெய்டா அம்மாள் ஒரு வாளி தக்காளி கொடுத்தார். வாளியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆடினோம். இந்த்ரெக் தன் கையால் ஆடினான். எண்ணிக்கையைப் பற்றி இங்கே பேசத் தேவையில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நான் வந்தேன், முதல் ஆளாக, எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இப்போது கடையில் இரண்டு பேச்சு ஓடுகிறது. அன்று காற்று பலமாக அடித்ததால்தான் தட்டு திசைமாறிப் போனது என்பது ஒன்று. எறிந்தவன் வீட்டுக்கு வந்த மருமகன், ஹாலிக் குடும்பத்தார் யாருமில்லை என்பது இன்னொன்று. இரண்டையும் என்மேல் உள்ள மரியாதையால்தான் சொல்கிறார்கள் என்று தெரியும். இரண்டும் தவறு. அன்று ஓர் இலைகூட அசையவில்லை. எறிந்தவன் ஹாலிக்.